ஏழு வீடுகளும் ஒரு நகரமும்

மகன்,

உன் ரவி மாமா முள்கம்பி வேலிக்குள் இருந்துகொண்டு, நூறு அடி தள்ளிப் போவதற்கும் யாரோ ஒருவரின் அனுமதிக்குக் காத்திருந்த நாளில், நான் ஒரு நகரத்தைக் காலையிலிருந்து மாலை வரை மகிழ்ச்சியோடு நடந்து பார்த்தது சரியா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஜூலையில் இருக்கவில்லை, ஓகஸ்ட் முடியப் போகும் இப்போதும் இல்லை. வரும் சனிக்கிழமை நீ வேலைக்காகக் கல்கரிக்குப் போகிறாய். பதில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நீ போய்விடுவாய், அதனால் பதில் இல்லாமலே எழுதுகிறேன். அன்றைக்கு நீயும் என்னோடு இருந்தாய் என்றாலும் உனக்குத் தெரியாத பகுதிகள் சில உண்டு. நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு, குளிருக்கு உடுப்பு எடுத்து வைத்தாயா என்று கேட்பேன். அப்படித்தான் இருபத்திரண்டு வருடமாக உன்னோடு பேசி வந்திருக்கிறேன்.

நம் சனம் ஐரோப்பாவுக்குப் போவது ஐரோப்பாவைப் பார்க்க அல்ல. உனக்கு ஒன்பது வயதில் பாரிசுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பத்து நாளில் பதினொரு வீடு. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அது ஆயுளுக்கும் குறை. காலையில் ஒரு வீட்டில் இடியப்பம், மத்தியானம் இன்னொரு வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி, பின்னேரம் மூன்றாவது வீட்டில் பற்றீசும் பால்தேநீரும். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் பாரிசைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பாரிஸ் என்பது பொலித்தீன் உறை கழற்றாத வெள்ளைச் சோபாக்களும் ஒரு மீன்தொட்டியும் உள்ள இடம், அங்கே எல்லோரும் என்னை உயரம் அளந்து பார்த்தார்கள் என்று நீ எழுதினாய். உன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, உண்மையிலேயே போனீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு முன்னால் சிரித்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அதை உனக்குச் சொன்னதில்லை.

இந்த முறை சுவிஸ் மாமியின் மகளின் கல்யாணம். அப்பாவுக்குத் தன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கும் லீவு கிடைக்கவில்லை, நீயும் நானும் போய் மாமி, மாமா வீட்டில் தங்கினோம். சித்திரையில் நடக்க வேண்டியது. ஊரில் சண்டை நடந்த அந்த மாதங்களில் கல்யாணம் செய்யும் மனநிலையில் யார் இருந்தார்கள்? மே மாதம் எல்லாம் முடிந்தது. நான் எதையும் முழுதாக நம்பிப் பழகாதவள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் வேலை முடிந்து ஸ்காபரோவிலிருந்து நகரத்துக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவோரம் சனத்தோடு சனமாக நின்றேன். அதனால் ஏதும் நடக்கும் என்று நினைத்து நிற்கவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் நின்றேன். ரவி மாமா உயிரோடு இருக்கிறாரா என்று மூன்று கிழமை தெரியாமல் இருந்து, பிறகு முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் அவர் குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் பயணச்சீட்டு எடுத்தோம்.

பேர்ண் நகரத்தில், கோயில் மண்டபத்தில், ஆரவாரம் இல்லாமல் கல்யாணம் முடிந்தது. வந்தவர்களில் ஏழு குடும்பங்கள், வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயின. நாலு வீட்டை இரண்டு நாளில் முடித்தோம். மிச்சம் மூன்று வீடு, மிச்சம் இரண்டு நாள். அந்த நாலாவது வீட்டில் யாரோ தங்கள் விருந்தாளிகளை மலை பார்க்கக் கூட்டிப்போன கதை வந்தது. மாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வருசமுமோ? சனம் கம்பிக்குள்ள நிக்குது, இவையள் மலை பாக்கப் போகினமாம்" என்றார். மாமி ஜெனீவாவில் உறைபனியில் நாள்கணக்காக ஆர்ப்பாட்டத்தில் நின்றவர். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். அன்று காலைதான் நீ என்னிடம், "அம்மா, ஒன் டே. ஒரு நாள் மட்டும் இந்தச் சிற்றியை நடந்து பாப்பமே" என்று கேட்டிருந்தாய்.

உனக்குத் தெரியாதது இது. அன்று பின்னேரம் நீ குளித்துக்கொண்டிருந்தபோது ரவி மாமாவின் அழைப்பு வந்தது. இரண்டு நிமிடம்தான்.

"சாப்பாடு பரவாயில்லை அக்கா. நடக்கத்தான் இடமில்லை. நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

"பேர்ணில."

"அங்க என்ன கிடக்கு பாக்கிறதுக்கு?"

"தெரியாது. இன்னும் ஒண்டும் பாக்கேல்லை."

"பாத்திட்டுச் சொல்லுங்கோவன். இஞ்ச கதைக்கிறதுக்கு ஒரு புது விசயமும் இல்லை."

அவர் எனக்கு அனுமதி தந்தார் என்று வைத்துக்கொண்டால் மனதுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் அனுமதி தரவில்லை. கதைக்க ஒரு விஷயம் கேட்டார், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டே, இராச்சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறந்தேன்.

"மச்சாள், தம்பிக்கு இஞ்சத்தை யூனிவர்சிட்டியை ஒருக்காப் பாக்கவேணுமாம். மாஸ்ரர்ஸ் செய்ய யோசிக்கிறான்."

நீ கையில் எடுத்த புட்டு உருண்டையோடு அப்படியே இருந்துவிட்டாய். மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதை முதலே சொல்லுறதுக்கென்ன? படிப்பு விசயமெண்டால் ஆர் குறை நினைக்கப்போகினம்?" என்று அப்போதே தொலைபேசியை எடுத்து, நாளைய வீட்டுக்காரரிடம் பிள்ளை காம்பஸ் பார்க்கப் போகுதாம், மறுநாள் வருவினம் என்று பெருமையாகச் சொன்னார். துக்க வருடத்திலும் நம்மிடையே செல்லுபடியாகும் ஒரே காரணம் படிப்பு. அதை நான் தெரிந்தே பயன்படுத்தினேன். நாற்பத்தொன்பது வயதில், ஒரு தெருவைப் பார்ப்பதற்காகப் பொய் சொன்னேன்.

காலையில் ரயில் நிலையத்தில் இறங்கியபோது நீ வெளியே போகும் வழியைத் தேடினாய். நான் கீழே இறங்கும் படியைத் தேடினேன். நிலத்தடி நடைபாதையில் பெரிய கற்களாலான பழைய அடித்தளம் ஒன்று இருந்தது, வேலைக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்துகொண்டிருந்தார்கள். "இது மூன்றாவது வாசல்" என்று உனக்குச் சொன்னேன். "நகரம் ஆற்றங்கரையில் தொடங்கி மேற்காக வளர்ந்தது. வளர வளர மதிலையும் வாசலையும் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். இங்கிருந்து ஆற்றைப் பார்க்க நடந்தால், புதுசிலிருந்து பழசுக்கு நடக்கிறோம்." அடுத்து சிறைச்சாலையாக இருந்த கோபுரம் வந்தது, இரண்டாவது வாசல். அதற்கப்பால் மணிக்கூட்டுக் கோபுரம், முதலாவது. மூன்றும் நான் சொன்ன ஒழுங்கிலேயே வந்தன. நீ தெரு நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா, சீரியஸ்லி, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்றால், பேராதனையில் நான் சரித்திரம் சிறப்புப் பாடமாகப் படித்தவள். மத்திய ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பற்றி, ஒன்றையும் கண்ணால் பார்க்காமல், ஒரு நீண்ட கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் மதில், வாசல், சந்தை, கோயில் என்று சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டுவார். அதை அப்படியே மனதில் வைத்திருந்தேன். பார்க்டேலில் நீ பிறந்தபோது ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அங்கே யாருக்கு நான் நகர மதிலைப் பற்றிச் சொல்வது? பிறகு பிளாசாவில் பல் வைத்தியரின் கந்தோரில் தொலைபேசி எடுக்கும் வேலை, பிறகு ரூஜில் வீடு. நான் பட்டதாரி என்பது உனக்குத் தெரியும், என்ன படித்தேன் என்பது தெரியாது. நீ பன்னிரண்டாம் வகுப்பில் சரித்திரம் படிக்க ஆசை என்று சொன்னபோது, "அதைப் படிச்சு ஆரின்ரை ஃபோனை எடுக்கப்போறாய்?" என்று நான் கேட்டது நினைவிருக்கும். நீ பொறியியலுக்குப் போனாய். நல்ல வேலை கிடைத்திருக்கிறது; அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் பேசியது உன் எதிர்காலத்தைப் பற்றி அல்ல, என் மனக்கசப்பைப் பற்றி. அந்தப் பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நகரமும் ஐந்து வருடமும் தேவைப்பட்டன.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மணி அடிப்பதற்காகக் காத்து நின்றோம். இயந்திரச் சேவல் செட்டையை அடித்துத் தொண்டை கட்டியதுபோல் கூவியது; சின்னக் கரடிகள் வரிசையாகச் சுற்றி வந்தன; கூட்டம் கைதட்டியது. "இவ்வளவுதானா?" என்று நான் கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பக்கத்துச் சந்தியில் ஒரு நீரூற்றுத் தூணின் உச்சியில், பையில் குழந்தைகளை நிரப்பி வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை விழுங்கும் அரக்கன் இருந்தான். அவன் யார், எதற்காக அவனை அங்கே வைத்தார்கள் என்று அந்த ஊராருக்கே நிச்சயம் இல்லையாம். அந்த இடத்தில் நான் அதிக நேரம் நின்றேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பக்கத்தில் நிற்கவும் உனக்குத் தெரியும் என்று அன்று கண்டேன். கல்கரியில் யாராவது உன் முன்னால் பேச்சில்லாமல் நின்றால், அப்படியே நில்.

அந்த ஊர்த் தெருக்களின் இரு பக்கமும் வீடுகளுக்குக் கீழே வளைவு வளைவாகக் கூரையிட்ட நடைபாதை. அதன் ஓரத்தில், தெருவைப் பார்த்துச் சாய்ந்தபடி, நிலவறைகளுக்கு இறங்கும் மரக்கதவுகள். அப்படி ஒரு கதவுக்குப் பக்கத்துப் படியில் குந்தியிருந்து, மாமி ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டித்தந்த முட்டை ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவு உள்ளேயிருந்து தள்ளித் திறந்தது. முதலில் ஒரு வெள்ளைத் தொப்பி, பிறகு ஒரு முகம், நம் முழங்கால் உயரத்தில். சுவிஸ் மாமா.

"தங்கச்சி?"

"அண்ணை!"

மாமா ரோல்ஸைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், தெருவின் இரு பக்கமும் பார்த்தார். "காம்பஸ் இஞ்சாலை இல்லையே."

"வீ காட் லொஸ்ற், மாமா" என்றாய் நீ.

"எத்தினை மணிக்குத் துலைஞ்சனியள்?"

"காலமை ஒன்பதுக்கு" என்றேன் நான். பொய்யைத் தொடர எனக்குப் பலம் இருக்கவில்லை.

மாமா வெங்காயத் தோல் நிறைந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பிடித்தபடி சிரித்தார். மச்சாளுக்குச் சொல்லிவிடாதேங்கோ என்று நான் கெஞ்ச, "நான் ஏன் சொல்லுறன்? எனக்கும் அந்த வீட்டிலதானே சாப்பாடு" என்றார். அவர் இருபத்திரண்டு வருடமாக ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறார் என்று நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே என்று நானோ உன் அப்பாவோ ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் பழசு என்று பார்க்க வந்த அந்தத் தெருவுக்குக் கீழேதான் அவர் அத்தனை வருடமும் நின்றிருக்கிறார். அந்தத் தெருவில் எந்த நிலவறை வெயில் காலத்திலும் குளிரும், எதில் முன்பு வைன் பீப்பா அடுக்கினார்கள், எந்தச் சுவர் மற்றதைவிடப் பழையது என்று விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். நான் புத்தகத்திலும் படிக்காத விஷயங்கள்.

"எனக்கு இந்த ஊரின்ரை அடி தெரியும் தங்கச்சி. மேல தெரியாது."

"தேவாலயக் கோபுரத்தில ஏறினதில்லையோ?"

"ஆரோடை ஏறுறது?"

உணவகம் இரண்டு மணிக்கு மூடி ஐந்துக்குத் திறக்குமாம். "வாங்கோ அண்ணை, இப்ப ஏறுவம்" என்றேன். "இந்தக் கறி மணக்கிற உடுப்போடையோ?" என்று தயங்கினார். "மேல காத்து அடிக்கும் மாமா" என்று நீ அவர் கையைப் பிடித்து இழுத்தாய்.

முந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம், சுற்றிச் சுற்றி. நூறாவது படியில் மாமா, தன் மேலாளருக்குத் தெரிந்தால் இனிமேல் கோழியை மேலே கொண்டுபோய்ச் சமைக்கச் சொல்லுவான் என்றார். இருநூறாவது படியில் ஒருவருக்கும் பகிடி வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்புவோமா என்று நீ கேட்டாய். நான் உன்னை முந்திக்கொண்டு போனேன்.

பிறகு வெளிச்சம். கல் கைப்பிடிக்கு அப்பால் நகரம் முழுவதும் கிடந்தது. பச்சை நிறத்து ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் செம்பழுப்பு ஓட்டுக் கூரைகள், தெற்கே பனிமலைகள் வரிசையாக. எங்கள் விரிவுரையாளர் சுண்ணக்கட்டியால் கீறிய படம், கல்லிலும் ஓட்டிலும், ஒரு கோடு பிசகாமல். நான் சத்தம் போட்டேன், மகன். என்ன சொல் என்று நினைவில்லை; சொல்லாகவே இருந்திராது. உன் பட்டமளிப்பில்கூட அளவாகக் கைதட்டிய நான், முன்பின் தெரியாத மனிதர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பிறகு கையை நீட்டி, ஆற்று முனையிலிருந்து தொடங்கி, சந்தைத் தெரு, முதல் வாசல், இரண்டாவது வாசல், மதில் போன கோடு, அகழி இருந்த பள்ளம் என்று இருவருக்கும் அரை மணிநேரம் பாடம் நடத்தினேன். அது இருபத்தாறு வருடம் என்னிடம் கிடந்த பாடம். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் ரீச்சரோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை. பல் டொக்டரின்ரை ஒஃபீசில ஃபோன் எடுக்கிறன்."

"அப்ப ஆரும் உங்களிட்டைக் கேக்கேல்லைப் போல."

இறங்கும்போது நீ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அந்த மதிலை ஏன் இடித்தார்கள், வாசலுக்கு வரி யார் வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படிக் கேட்பாய். எனக்கு அப்போது நேரம் இருக்கவில்லை. மாமா ஐந்து மணி வேலைக்குத் திரும்ப, நீயும் நானும் ஆற்றுக்கு இறங்கி, பாலம் கடந்து, எதிர்மேட்டு ரோசாத் தோட்டம் வரை ஏறினோம். சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தபோது என் இரு குதிகாலிலும் கொப்புளம். வேறு எந்த நாளையும் விட அன்று நான் என்னைப் பற்றித் திருப்தியாக இருந்தேன். இதைச் சொல்ல வெட்கப்படமாட்டேன். ரவி மாமாவைப் பற்றிய கவலை போய்விடவில்லை. அதுவும் என்னோடு எல்லாப் படியும் ஏறியது. ஆனால் நான் நடக்காமல் அந்த மூன்று வீட்டுச் சோபாக்களில் இருந்திருந்தால், அவருடைய வேலியில் ஒரு கம்பியாவது தளர்ந்திருக்கும் என்று எனக்கு யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காக நடந்தது சரி என்றும் ஆகிவிடாது. முதலில் கேட்ட கேள்வி அங்கேயேதான் நிற்கிறது.

புத்திமதி என்று சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கல்கரியில் நம் ஆட்கள் இருப்பார்கள். உன் பெயரைக் கேட்டதும் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்துச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். போ. அவர்கள் இல்லாமல் நாங்கள் இந்த நாட்டில் முதல் வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அந்த ஊரை நடந்து பார். யாருடைய வீட்டுக்குப் போனாலும் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேள். தெருவின் பெயரோடு கேள். உன் சந்தோஷத்துக்கு மற்றவர்கள் ஏற்கும் காரணத்தைத் தேடாதே. எனக்கு அந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது, அதுவும் என் முயற்சியால் அல்ல. அது அடுத்த நாள் நடந்தது. அப்போது நீ நித்திரையில் இருந்தாய்.

முதல் நாள் மாலை நாம் திரும்பியதும் மாமி, காம்பஸ் எப்படி என்று கேட்டாரே. நல்ல பழைய கட்டடம், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது என்று நான் அளந்தேன். காலையில் நான் குசினிக்குள் போனபோது மாமி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"இவருக்குக் கால் தூக்கேலாமல் கிடக்கு, இரவு முழுக்க முந்நூறு படியெண்டு அனுங்கினவர். நிலவறைக்குள்ள நிக்கிற மனிசனுக்கு முந்நூறு படி எங்காலை வந்தது?"

"மச்சாள், நாங்கள் யூனிவர்சிட்டிக்குப் போகேல்லை."

"தெரியும். அது ஸ்ரேசனுக்கு மேல கிடக்கு. ஆறு பாத்தபடி இல்லை. நான் பத்து வருசம் அங்கதான் கிளீன் பண்ணினனான்."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?"

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "விட்டிருக்கமாட்டன்" என்றார். பிறகு, "மேல அப்பிடி என்ன கிடக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். ஆறு, கூரைகள், மாமா தொப்பியைக் கழற்றியது எல்லாம். சொல்லி முடிந்ததும் அவர் தொலைபேசியை எடுத்து, அன்று நம்மை மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிர்பார்த்த வீட்டுக்கு அடித்தார்.

"ஓம், நான்தான். இவையள் இண்டைக்கு வரேல்லை. இல்லை, காம்பஸ் இல்லை, ஒரு அலுவலும் இல்லை. ஊர் பாக்கப் போகினம். சும்மா பாக்கத்தான்."

மறுமுனையில் நீண்ட நேரம் பேசினார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஓம், எனக்கும் தெரியும் சனம் எப்பிடி நிக்குதெண்டு. நானும் போறன்" என்று சொல்லி வைத்தார். மற்ற இரண்டு வீட்டுக்கும் அடித்து அதையே சொன்னார். ஒரு வீட்டுக்காரர் இன்றுவரை நம்மோடு கதைப்பதில்லை. பத்தரைக்கு உன்னை எழுப்பி, பதினொரு மணி பஸ்ஸில் நாம் மூவரும் நகரத்துக்குப் போனோம். முன்னால் நடந்தவர் மாமி.

அம்மா